லைன்ல ஒருத்தன் சொதப்புறான்: கோச்ச நம்புறதா, கத்துறதா?

செப்டம்பர் வந்துட்டா எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு சாப்பாட்டோட சேத்து ஒரு சண்டையும் பரிமாறுவாங்க. நியூ ஜெர்சில குடியிருக்கோம், அதனால அமெரிக்கன் ஃபுட்பால்ல நியூயார்க் ஜயன்ட்ஸ் கட்சி. பேருதான் நியூயார்க், ஆடுறதெல்லாம் எங்க பக்கம் மெட்லைஃப் ஸ்டேடியத்துல. எந்த ஜென்மத்துப் பாவமோ. சண்டை எப்பவும் ஒரே விஷயத்துக்குத்தான். முன்வரிசைல நிக்கிற ஒருத்தன் வாரா வாரம் சொதப்புறான், கோச் மைக் முன்னாடி வந்து நின்னு பையன் நல்லா வந்துட்டு இருக்கான் பொறுமையா இருங்கங்கிறாரு, அத நம்பணுமா இல்ல அவன உக்கார வைன்னு கத்தணுமா. இந்த சீசன்ல தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரு இதையே கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்கிச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

புதுசா பாக்க ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இது அமெரிக்கன் ஃபுட்பால். அட்டாக் பண்ற டீம்ல முன்னாடி அஞ்சு பேரு வரிசையா குனிஞ்சு நிப்பாங்க, நடுவுல சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்ட், ரெண்டு ஓரத்துலயும் டேக்கிள். ஆளுக்கு 140 கிலோ இருப்பான். பந்தத் தூக்கிக்கிட்டு ஓடுற வேலையெல்லாம் கிடையாது, அதுக்கு ரன்னிங் பேக்னு தனி ஆளு இருக்கான்; பின்னாடி நின்னு பந்த எறியுறதுக்கு நிக்கிற க்வார்ட்டர்பேக்குக்கு ரெண்டரை மூணு செகண்ட் டைம் வாங்கிக் குடுக்கணும், அம்புட்டுதான். ஒழுங்கா செஞ்சா அவன் பேரே எவனுக்கும் தெரியாது. ஒரு தடவ விட்டான்னா ஸ்டேடியமே அவன் நம்பரச் சொல்லித் திட்டும்.

## எத வச்சு எடை போடுறது

இதுக்கு முன்னாடி எனக்கு நடந்த ஒரு அவமானத்தச் சொல்லிடுறேன். என் அக்கா பையன் இங்க ஹைஸ்கூல்ல லெஃப்ட் கார்டா ஆடுனவன். ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சோஃபால உக்காந்து பாத்துட்டு இருக்கோம், எங்க ரைட் டேக்கிள் சட்டுனு உள்பக்கமா திரும்பிட்டான், வெளி ஓரத்துலேருந்து வந்தவன எவனும் தொடவே இல்ல, நேரா போயி க்வார்ட்டர்பேக்க சாச்சுட்டான். நான் கையில இருந்த முறுக்க தட்டுல எறிஞ்சுட்டு கண்ணு தெரியலயாடா உனக்குன்னு டிவியப் பாத்துக் கத்துறேன். இவன் ரிமோட்ட எடுத்து ரீவைண்ட் பண்ணான்.

"மாமா, அவன மட்டும் பாக்காதீங்க. அஞ்சு பேரோட மொத அடியப் பாருங்க."

பாத்தேன். அஞ்சு பேருமே ஒரே நேரத்துல இடப்பக்கமா அடி எடுத்து வைக்கிறானுங்க.

"இதுல வலது ஓரத்துல வர்றவன் ரன்னிங் பேக் கணக்கு மாமா. டேக்கிள் சொன்ன வேலையத்தான் செஞ்சிருக்கான். மறந்தது பின்னாடி நின்னவன்."

நானு பதினோரு வருஷமா இந்த ஆட்டத்தப் பாக்குறேன். அன்னிக்கு வரைக்கும் எத்தன டேக்கிள சும்மா திட்டிருப்பேனோ, அவங்க அம்மாக்கள் எல்லாம் என்னை மன்னிக்கணும்.

அதுக்கப்புறம் நான் எந்த லைன்மேனப் பத்தி வாயத் தொறந்தாலும் அஞ்சு விஷயத்த பாத்துட்டுத்தான் தொறக்குறேன்.

எதனால சொதப்புறான். டெக்னிக்கா, உடம்பா, காயமா, மனசா. பின்னால வழுக்கிப் போகும்போது கால் ரெண்டும் கிட்ட வந்துடுது, கைய லேட்டா நீட்டுறான்னா அது டெக்னிக், சொல்லிக்குடுத்தா மாறும். நெஞ்சுல கைய வச்சு ஒருத்தன் தள்ளுனா க்வார்ட்டர்பேக் மடியில போயி உக்காந்துடுறான்னா அது பலம், சீசன் இல்லாத மாசங்கள்ல உடம்ப ஏத்தித்தான் சரி பண்ணணும். ஓரத்துல வர்ற வேகத்துக்கு காலே எட்டலன்னா அதுக்கு மருந்து கிடையாது, எடத்ததான் மாத்தணும். காயம்னா நமக்குச் சொல்லவே மாட்டாங்க, சீசன் முடிஞ்சு சர்ஜரி நியூஸ் வரும்போதுதான் அடப்பாவின்னு இருக்கும்.

பின்னாடி எவன் இருக்கான். ரோஸ்டர்ல 53 பேரு. மேட்ச் அன்னிக்கு 48 பேர இறக்கணும்னா அதுல எட்டு பேராவது இந்த லைன்காரங்களா இருக்கணும்னு ரூலு. அஞ்சு பேரு ஆட, மிச்சம் மூணு பேரு. அந்த மூணுல ஒருத்தன்தான் நீங்க கேக்குற மாற்று ஆளு. ரசிகன் மனசுக்குள்ள பெஞ்ச்ல உக்காந்திருக்கவன் எப்பவும் ஹீரோ, ஏன்னா அவன் இன்னும் சொதப்பிக் காட்டல.

எந்தக் கோச் சொல்றாரு. தலைமைக் கோச் சொல்றது வேற, லைனுக்குன்னு இருக்குற தனிக் கோச் சொல்றது வேற. ரெண்டாமவரு இதுக்கு முன்னாடி எத்தன பேர தேத்திக் காட்டிருக்காருங்கிறதுதான் கணக்கு.

பின்னாடி நிக்கிற க்வார்ட்டர்பேக் யாரு. 2002-ல ஹூஸ்டன் டெக்ஸன்ஸ்ல டேவிட் கார்ங்கிற ரூக்கி, அதாவது மொத வருஷக்காரன், ஒரே சீசன்ல 76 தடவ சேக் ஆனான் (பந்த எறியுறதுக்குள்ள சாச்சுட்டாங்க), இன்னிக்கும் அதான் ரெக்கார்டு. 2024-ல சிகாகோல கேலப் வில்லியம்ஸ் 68 தடவ. லைன்மேன் கத்துக்கிற ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டுறது இவனுங்க விலா எலும்புதான்.

காலண்டர். டிராஃப்ட்ல, அதாவது வருஷா வருஷம் டீம்கள் காலேஜ் பசங்கள வரிசையா எடுக்குறதுல, மொத ரவுண்டுல எடுத்த ஆளுக்கு நாலு வருஷ காண்ட்ராக்ட், அஞ்சாவது வருஷம் வேணுமா வேண்டாமான்னு மூணாவது சீசன் முடிஞ்சு மே மாச ஆரம்பத்துக்குள்ள டீம் சொல்லியாகணும். ஆக பொறுமைக்கும் ஒரு தேதி இருக்கு.

இன்னொன்னு, இது பல பேருக்குத் தெரியாது. 2011-ல லீகும் பிளேயர்களும் போட்ட ஒப்பந்தப்படி சீசன் ஓடும்போது கவசமெல்லாம் மாட்டிக்கிட்டு முட்டி மோதுற ப்ராக்டிஸ் மொத்தமே 14 தடவதான் வைக்கலாம். மத்த பொசிஷன்காரன் ஷார்ட்ஸ் போட்டுட்டும் ப்ராக்டிஸ் பண்ணிக்குவான், லைன்மேனுக்கு முட்டாம எப்படி வரும். அதனால இவனுங்க கத்துக்கிறதே ஞாயித்துக்கிழமை நம்ம கண்ணு முன்னாடிதான்.

## வழி 1: கோச் சொல்றாரு, பொறுத்துப் பாப்போம்

இதுக்கு எங்க டீமே போதும், ரெண்டு பக்க சாட்சியும் எங்ககிட்டயே இருக்கு.

2020 டிராஃப்ட்ல நாலாவது ஆளா ஜயன்ட்ஸ் ஆண்ட்ரூ தாமஸ எடுத்தாங்க. அந்த வருஷம் மொத ரவுண்டுல நாலு பெரிய டேக்கிள் பேரு அடிபட்டுது, தாமஸ் போனதுக்கு அப்புறம் கிளீவ்லேண்ட் ஜெட்ரிக் வில்ஸ 10-ல எடுத்தாங்க, ஜெட்ஸ் மெக்கை பெக்டன 11-ல, டேம்பா பே ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ 13-ல. வர்ஃப்ஸ் வந்த மொத வருஷமே க்வார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு முன்னாடி நின்னு சூப்பர் பௌல், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்ச மோதிரத்தோட வீட்டுக்குப் போனான். எங்காளு வாரா வாரம் அடி வாங்குனான். நடுவுல டீம் மீட்டிங்குக்கு லேட்டா வந்தான்னு ஒரு மேட்ச்ல ஆரம்பத்துல வெளில வேற உக்கார வச்சாங்க. நாலு பேருல மோசமானத மொதல்ல எடுத்த டீம்னு ஊரே சிரிச்சுது, நானும் சேந்துதான் சிரிச்சேன், அழ முடியாம.

ரெண்டு வருஷம் கழிச்சு 2022-ல அதே தாமஸ் ஆல்-ப்ரோ, அதாவது லீக்லயே சிறந்தவங்க பட்டியல்ல, ரெண்டாவது டீம். 2023 ஜூலைல அஞ்சு வருஷத்துக்கு 11.75 கோடி டாலர். நடுவுல என்ன நடந்துச்சுன்னா, மொத சீசன் முடிஞ்ச கையோட கணுக்கால்ல சர்ஜரி. வருஷம் பூரா அந்தக் காலோடத்தான் ஆடிருக்கான், நாம சோஃபால உக்காந்து இவனுக்கு காலே நகர மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சு சொல்லிட்டு இருந்தோம்.

டென்வர்ல கேரட் போல்ஸ் கதை இன்னும் ருசி. 2017-ல 20-ஆவது ஆளா எடுத்தாங்க, மூணு வருஷமா கையப் புடிச்சு இழுக்குற ஹோல்டிங் பெனால்டி, ஒண்ணொண்ணுக்கும் பத்து யார்டு பின்னால. பெனால்டிக்கு நடுவர் போடுற மஞ்சத் துணி தரையில விழுந்தாலே நம்பரப் பாக்காம 72-ன்னு ரசிகனுங்க ஊளையிடுவாங்க. 2019-ல மைக் மன்சக் லைன் கோச்சா வந்தாரு. மனுஷன் தானே கார்டா ஆடி ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்குறவரு, பிட்ஸ்பர்க்ல டிராஃப்டே ஆகாத, ராணுவத்துலேருந்து வந்த அலெஹாண்ட்ரோ வில்லனுவேவாவ லெஃப்ட் டேக்கிளா நிக்க வச்சு ப்ரோ பௌல்ங்கிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அனுப்புனவரு. அப்படியும் டென்வர் மேனேஜ்மென்ட்டுக்கு முழு நம்பிக்கை வரல, 2020 மே மாசம் போல்ஸோட அஞ்சாவது வருஷ ஆப்ஷன் வேண்டாம்னுட்டாங்க. அந்த சீசனே பையன் பின்னி எடுத்தான், ஆல்-ப்ரோ ரெண்டாவது டீம், நவம்பர்ல 6.8 கோடி டாலருக்கு நாலு வருஷம் கையெழுத்து போட வேண்டியதாப் போச்சு. கோச்ச பாதி நம்புனா செலவு முழுசா வரும்போல.

இப்ப மறுபக்கம். 2015-ல இதே ஜயன்ட்ஸ் ஒன்பதாவது ஆளா எரெக் ஃப்ளவர்ஸ எடுத்தாங்க. மூணு வருஷம் லெஃப்ட் டேக்கிள். பொறுங்க, இளசு, வந்துடுவான். ஹெட் கோச் மாறுனாரு, பாட்டு மாறல. எங்க க்வார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு அப்ப வயசு முப்பத்தஞ்சு தாண்டிருச்சு, கடைசி நல்ல வருஷங்கள் எல்லாம் தரையப் பாத்தே போச்சு. பொறுமைக்கு உள்ள மறைஞ்சிருக்குற செலவு அதான், லைன்மேன் தேறுற வரைக்கும் காத்திருக்கலாம், க்வார்ட்டர்பேக்கோட வயசு காத்திருக்காது.

ஆக இந்த வழி எப்ப சரி? சொதப்பலு டெக்னிக்காலயோ காயத்தாலயோ வருது, லைன் கோச்சுக்கு பேரு இருக்கு, ஆளு வந்து ரெண்டு வருஷத்துக்குள்ளதான் ஆகுதுன்னா வாய மூடிட்டு இருக்கலாம். மூணாவது வருஷமும் அதே தப்ப அதே மாதிரி பண்றான்னா கோச் என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

## வழி 2: உக்கார வை

ஸ்டேடியத்துல அதிகமா கேக்குற குரலு இதான். 2023 அக்டோபர் 2, திங்கக்கிழமை ராத்திரி, மெட்லைஃப்ல சியாட்டில் கூட மேட்ச். 24-3 தோல்வி, 11 சேக். அந்த வருஷம் மொத்தமா 85 சேக் வாங்குனோம், என்எஃப்எல் லீக் வரலாத்துலயே இதுக்கு மேல ஒண்ணுதான் இருக்கு, 1986 பிலடெல்ஃபியாவோட 104. அன்னிக்கு கூட்டம் ஊளையிட்டது ரைட் டேக்கிள் ஈவன் நீலுக்கும் சேத்துத்தான், 2022-ல ஏழாவது ஆளா எடுத்த பையன். ரெண்டு நாள் கழிச்சு அவன் ஒரு பேப்பர்காரங்ககிட்ட, என் ஆட்டத்த குறை சொல்றவங்க என்ன வேல பாக்குறாங்க, எங்கயாவது பர்கர் திருப்பிப் போடுறவங்களா இருப்பாங்கங்கிற மாதிரி பேசிட்டான். ஊரு கொந்தளிச்சுருச்சு, அன்னிக்கே மன்னிப்பும் கேட்டுட்டான். டிக்கெட் காசு குடுத்தவனுக்குக் கோவம் வர்றது நியாயம். ஆனா இருபத்திமூணு வயசுப் பையன எழுபதாயிரம் பேரு சேந்து ஊளையிட்டா அவன் வாயிலேருந்து திருக்குறளா வரும்?

சரி, உக்கார வச்சா என்ன ஆகும். கான்சஸ் சிட்டில 2024-ல கிங்ஸ்லி சுவமட்டாயான்னு ரூக்கி, சீசன் ஆரம்பத்துலயே லெஃப்ட் டேக்கிளா நிறுத்துனாங்க. ரெண்டாவது மேட்ச்ல சின்சினாட்டியோட ட்ரே ஹெண்ட்ரிக்சன் அவன வச்சு செஞ்சுட்டான், மேட்ச் நடுவுலயே வெளில எடுத்தாங்க. பதிலுக்கு வந்தவனும் தாங்கல, நடுவுல வெளிலேருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாங்க, அவருக்கு காயம், கடைசில டிசம்பர்ல லெஃப்ட் கார்ட் ஜோ தூனிய டேக்கிளுக்கு நகத்துனாங்க. ஒரு ஓட்டைய அடைக்க வரிசையா நாலு பேரு.

பெஞ்ச் வழில உள்ள மறை செலவு இதுதான். லைன் அஞ்சு பேரும் ஒரே தாளத்துல நகரணும், ஒருத்தன மாத்துனா பக்கத்துல இருக்கவனோட கணக்கும் கெடும். எதிராளி ரெண்டு பேரு குறுக்கால எடம் மாறி உள்ள பூந்தா யாரு யாரப் புடிக்கணும்னு பேசாமலே புரியணும், அது ரெண்டு பேரும் நாலஞ்சு மேட்ச் சேந்து நின்னாத்தான் வரும்.

ஆனா ஒரு எடத்துல இது சரியான வழிதான்: பையனுக்கு மனசு உடைஞ்சுருச்சுன்னா. பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே பதட்டத்துல நகர்ந்து ஃபால்ஸ் ஸ்டார்ட் வாங்குறான், ஒரு பெனால்டிக்கு அப்புறம் அடுத்ததும் வாங்குறான்னா, அவன அங்கயே நிறுத்துறது யாருக்கும் நல்லதில்ல. சுவமட்டாயாவுக்கு வெளில உக்காந்தது கெடுதலா ஒண்ணும் பண்ணல, 2025-ல லெஃப்ட் கார்டா நிரந்தரமா வந்து நின்னுட்டான். நீல் கதை அப்படி ஆகல. 2024-ல பெரும்பாலும் பெஞ்ச், அடுத்த மே மாசம் அஞ்சாவது வருஷ ஆப்ஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, கார்டா மாத்திப் பாத்தாங்க, அதுவும் எடுபடல.

## வழி 3: ஓரத்துலேருந்து உள்ள தள்ளு

டேக்கிள கார்டாக்குறது. எனக்குப் புடிச்ச வழி, மொதல்லயே சொல்லிடுறேன், பாரபட்சம் இருந்தா மன்னிச்சுக்கங்க.

காரணம் எளிது. ஓரத்துல நிக்கிறவனுக்கு ஒரு பக்கம் துணையே கிடையாது, வெட்டவெளி, அந்தப் பக்கம் லீக்லயே வேகமான ஆளு பாஞ்சு வருவான். கார்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு, எதிர்ல வர்றவன் மூக்குக்கு நேரா வருவான், காலு அம்புட்டு ஓட வேண்டாம், கை பலமும் இடுப்பு பலமும் போதும். ஓரத்துல மூழ்குனவன் நடுவுல நீந்துறது அதனாலதான்.

நாம திட்டித் தீத்த அதே ஃப்ளவர்ஸ் 2018 அக்டோபர்ல எங்க டீம்லேருந்து வெளியேத்தப்பட்டு, அடுத்த வருஷம் வாஷிங்டன் போனான். அங்க லைன் கோச் பில் கேலஹன். லெஃப்ட் கார்டுல நிறுத்துனாங்க, 16 மேட்சும் ஆடுனான், 2020-ல மயாமி மூணு வருஷத்துக்கு 3 கோடி டாலர் குடுத்துச்சு. எங்ககிட்ட மூணு வருஷமா ஓரத்துலயே நின்னு அடி வாங்குனவன். வயித்தெரிச்சலா இருக்காதா சொல்லுங்க.

மெக்கை பெக்டனும் அதே. ஜெட்ஸ்ல காயத்துலயும் எடைக் கணக்குலயும் நாலு வருஷம் போச்சு, 2024-ல பிலடெல்ஃபியா போனான், ஜெஃப் ஸ்டௌட்லண்ட் ரைட் கார்ட்ல நிறுத்துனாரு, சீசன் முடியும்போது கையில சூப்பர் பௌல் மோதிரம். இந்த ஸ்டௌட்லண்ட்தான் ஆஸ்திரேலியால ரக்பி ஆடிட்டு இருந்த, ஒரு ஃபுட்பால் மேட்ச் கூட ஆடாத ஜோர்டன் மைலாட்டாவ 2018-ல 233-ஆவது ஆளா வந்தவன, ரெண்டு வருஷம் வெளில காட்டாம வச்சுச் செதுக்கி லெஃப்ட் டேக்கிள் ஆக்குனாரு. 2021-ல அதே எடத்துக்குப் போட்டி போட்டவன் மொத ரவுண்டு ஆண்ட்ரே டில்லர்ட். மொத ரவுண்டுக்காரன ஓரங்கட்டிட்டு ஏழாவது ரவுண்டுக்காரன நிறுத்த ஒரு தைரியம் வேணும், அந்த மாதிரி ஆளு சொன்னா நான் கண்ண மூடிட்டு நம்புவேன்.

மறை செலவு? இருக்கு. உள்ள தள்ளுனா வெளில ஒரு ஓட்டை. அதுவும் கார்ட வெளில தள்ளுறது இன்னும் ஆபத்து, மேல சொன்ன தூனி கதை அப்படித்தான் முடிஞ்சுது. லீக்லயே சிறந்த கார்டுகள்ல ஒருத்தன டேக்கிளாக்கி, அவன் எடத்துல வேற ஆளப் போட்டு, ஒரு பலவீனத்த ரெண்டாக்கிட்டு சூப்பர் பௌலுக்குப் போனாங்க. பிலடெல்ஃபியா பெரும்பாலும் நாலு பேர மட்டும் வச்சே உள்ள வந்தாங்க, கான்சஸ் சிட்டி க்வார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு சேக், 40-22. இன்னொன்னு, இடது வலது மாத்துறது நாம நெனைக்கிற மாதிரி சும்மா இல்ல. என் மருமகன் சொல்றது, "மாமா, நீங்க வலது கைல சாப்டுறீங்கல்ல, நாளைலேருந்து இடது கைல ரசம் சாதம் சாப்டுங்க, அதுவும் எதிர்ல ஒருத்தன் தட்டப் புடுங்கிட்டு இருக்கும்போது."

## வழி 4: கோச்சையே மாத்து

2016 ஜனவரி 24, டென்வர்ல ஏஎஃப்சி ஃபைனல், ஜெயிச்சா சூப்பர் பௌல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 20-18-ல தோத்தாங்க, பிரேடி மேல 20 தடவ அடி விழுந்துச்சு. ரைட் டேக்கிள் மார்கஸ் கேனன் அன்னிக்கு பட்ட பாடு, பாஸ்டன் பக்கம் அவன் பேரு கெட்ட வார்த்தை ஆயிருச்சு. டீம் ஆள மாத்தல, லைன் கோச் டேவ் டிகுல்யெல்மோவ அனுப்பிட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆன டான்டே ஸ்கார்னெக்கியாவ திரும்பக் கூப்ட்டாங்க. அடுத்த சீசன் கேனன் ஆல்-ப்ரோ ரெண்டாவது டீம், புது காண்ட்ராக்ட், கூடவே சூப்பர் பௌல். ஆளு அதே ஆளு. சொல்லிக்குடுக்குற வாய் மாறுச்சு.

இதக் கேட்டுட்டு நாளைக்கே உங்க டீம் லைன் கோச்ச தூக்கச் சொல்லி ஆரம்பிச்சுடாதீங்க. ஸ்கார்னெக்கியா மாதிரி ஆளு ரோட்டோரத்துல கெடைக்க மாட்டாரு. அதோட அனுப்பப்பட்ட டிகுல்யெல்மோ அதுக்கு முந்தின சீசன் அதே டீமோட சூப்பர் பௌல் ஜெயிச்சவரு. 2020 நவம்பர்ல ஜயன்ட்ஸ்ல ஹெட் கோச்சுக்கும் லைன் கோச் மார்க் கொலம்போவுக்கும் தகராறு ஆகி அவர அனுப்புனப்போ நடுவுல வந்து ஒக்காந்ததும் இதே டிகுல்யெல்மோதான், அவரு வந்தப்புறம் தாமஸ் கொஞ்சம் தெளிவாயிட்டான்னு கூட சொன்னாங்க. ஒரு ஊர்ல குத்தவாளி, இன்னொரு ஊர்ல வைத்தியர்.

தாமஸுக்கு மூணு சீசன்ல நாலு லைன் கோச். கொலம்போ, டிகுல்யெல்மோ, ராப் சேல், பாபி ஜான்சன். ஒவ்வொருத்தரும் கால எப்படி வைக்கணும் கைய எப்ப நீட்டணும்னு அவங்கவங்க பாடம் நடத்துவாங்க. அவன் அதையும் தாண்டி வந்துட்டான், எல்லாரும் வருவாங்கன்னு சொல்ல முடியாது. கணக்கு என்னன்னா, ஒருத்தன் மட்டும் சொதப்புனா அது அவன் பிரச்சினை, அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொதப்புனா, புதுசா வர்றவனும் வந்து மூணு மாசத்துல அதே தப்பக் கத்துக்கிட்டான்னா, அப்ப வாத்தியாரப் பாக்கணும்.

## ஒரே பார்வைல

| வழி | எப்ப சரி | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாரு சாட்சி |
|---|---|---|---|
| பொறுமை | டெக்னிக், காயம். மொத ரெண்டு வருஷம் | க்வார்ட்டர்பேக் உடம்பு, வயசு | தாமஸ், போல்ஸ். எதிர்ல டேக்கிள் ஃப்ளவர்ஸ் |
| பெஞ்ச் | மனசு உடைஞ்சா, பெஞ்ச்ல நெசமாவே ஆளிருந்தா | அஞ்சு பேரோட தாளம் | சுவமட்டாயா. எதிர்ல நீல் |
| உள்ள தள்றது | பலம் இருக்கு, ஓர வேகத்துக்கு காலு எட்டல | ஓரத்துல புது ஓட்டை | கார்ட் ஃப்ளவர்ஸ், பெக்டன் |
| கோச் மாத்தம் | அஞ்சு பேரும் ஒரே தப்பு | எல்லாரும் முதல்லேருந்து பாடம் | கேனன் |

## அப்ப கோச்ச நம்பலாமா

நம்பலாம், ஆனா அவரு வாய இல்ல. பிரஸ் மீட்ல ஒரு கோச் என்னதான் சொல்ல முடியும்னு யோசிங்க. இவன் தேற மாட்டான்னு சொன்னா அந்தப் பையன் அடுத்த ஞாயிறு எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு வருவான், மத்த 52 பேரு என்ன நெனப்பாங்க, நாளைக்கு ட்ரேட் பண்ணலாம்னா எவன் வாங்குவான். அதோட அவன டிராஃப்ட்ல எடுத்தது மேல் ரூம்ல இருக்குற ஜெனரல் மேனேஜரு, அவரு தேர்வ மைக்ல திட்டிட்டு வேலைல இருக்க முடியுமா. அதனால அந்த பத்து நிமிஷப் பேச்சுல நமக்குன்னு ஒண்ணுமே இல்ல, கல்யாண வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா வர்ற பதிலு மாதிரிதான்.

மேட்ச்ல அவரு என்ன பண்றாருன்னு பாருங்க, பொய் சொல்ல முடியாத எடம் அது. சொதப்புறவன் பக்கத்துலயே டைட் எண்ட, அதாவது லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பாஸ் வாங்கவும் செய்யுற ஆள, கொண்டு வந்து நிறுத்துறாரா? ரன்னிங் பேக் பாஸ் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி அந்த ஓரத்துல வர்றவன் தோள்ல ஒரு இடி இடிச்சுட்டுப் போறானா? சென்டர் எப்பவும் அந்தப் பக்கமே சரியுறானா? மூணாவது டவுன்ல, அதாவது மூணாவது முயற்சில, எட்டு யார்டு வேணும்னும்போது கூட பந்த ரெண்டு செகண்ட்ல விட்டுடுறாங்களா? இதெல்லாம் நடந்தா கோச்சுக்கும் அவன் மேல நம்பிக்கை இல்ல, நம்மள மாதிரிதான் பயப்படுறாரு, வெளில சொல்லல. மாறா, போன மாசம் வரைக்கும் துணை நிறுத்துனவரு இந்த மாசம் தனியா விட்டுட்டாருன்னா, அவன் தேறிட்டு வர்றான்னு மைக்ல சொன்னது உண்மை.

மார்க் போடுற வெப்சைட்டுங்க பத்தியும் கேட்டீங்க. பிஎஃப்எஃப் மார்க்க நானும் பாப்பேன், இல்லைங்கல. ஒரு வருஷ மார்க்குக்கு மதிப்பு இருக்கு. ஒரு மேட்ச் மார்க்க வச்சு சண்டை போடாதீங்க, அஞ்சு பேரும் ஒரே பக்கம் நகரும்போது எது யாரு வேலைன்னு அந்த மீட்டிங் ரூம்ல இருந்தவனுக்குத்தான் தெரியும், மார்க் போடுறவரும் என்ன மாதிரி யூகிச்சுத்தான் போடணும், முறுக்கு மட்டும் எறிய மாட்டாரு.

போன சீசன்ல ஒரு நாள் மேல் அடுக்குல டிக்கெட் கெடைச்சுது, நானும் மருமகனும் போனோம். பயங்கரக் குளிரு, கால் வெரலே இல்லாத மாதிரி இருந்துச்சு. அங்கேருந்து பாத்தா டிவில தெரியாததெல்லாம் தெரியும், 22 பேரும் ஒரே பார்வைல. முன்னாடி சீட்ல ஒருத்தரு முதல் சீரிஸ்லேருந்தே எங்க ரைட் டேக்கிள உக்கார வைன்னு கத்திட்டே இருந்தாரு. ரெண்டாவது க்வார்ட்டர் வரைக்கும் அந்தப் பக்கம் டைட் எண்ட் ஒட்டிக்கிட்டே நின்னான். மூணாவது க்வார்ட்டர் தொடங்குனதும் மருமகன் என் தோள்ல தட்டுனான். "மாமா, டைட் எண்ட் எங்க பாருங்க."

இடப்பக்கம் போயிட்டான். வலது ஓரத்துல நம்மாளு தன்னந்தனியா குனிஞ்சு நின்னுட்டு இருந்தான்.